கைவிடப்பட்ட போன் ஏன் இன்னும் ஆலையில் தயாராகிறது?

2018 செப்டம்பர் 12 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களை அறிமுகம் செய்தது. அன்றே அதன் அமெரிக்க இணையக் கடையிலிருந்து ஐபோன் எக்ஸ், 6எஸ், எஸ்இ மூன்றும் காணாமல் போயின. உலகெங்கும் செய்தித் தளங்கள் இவற்றை ‘நிறுத்தப்பட்ட மாடல்கள்’ என்று எழுதின. அதே நாட்களில் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில், ஆப்பிளுக்காக ஒப்பந்தத்தில் போன் தயாரித்துத் தரும் தைவானின் விஸ்ட்ரான் நிறுவனத்தின் ஆலையில், 6எஸ் போன்கள் புத்தம் புதிதாகத் தயாராகிக்கொண்டிருந்தன. அந்த மாடலை அங்கே தயாரிக்கத் தொடங்கியே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

ஒரு பொருளை இனி விற்கப் போவதில்லை என்று முடிவெடுத்த பிறகு அதை ஏன் தயாரிக்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள முதலில் ‘நிறுத்தம்’ என்பது யார், எங்கே, எதை நிறுத்துவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு போனின் வாழ்வில் நிறுத்தம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. தயாரிப்பாளர் தன் சொந்தக் கடையில் விற்பதை நிறுத்துவது ஒரு நாள். மொத்த விற்பனையாளர்களுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்துவது இன்னொரு நாள். ஆலையில் கடைசிப் போன் தயாராவது மற்றொரு நாள். உதிரி பாகம் கிடைக்காமல் போவது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. நாம் செய்தியில் படிப்பது பெரும்பாலும் முதல் நாளைப் பற்றித்தான், அதுவும் பெரும்பாலும் அமெரிக்கக் கடையை வைத்து எழுதப்பட்டது. அந்தக் கடையின் அலமாரியில் எதை வைப்பது என்பது விளம்பரத்தையும் விலை வரிசையையும் சார்ந்த முடிவு. ஆலைக்கு அது கட்டளை அல்ல.

அலமாரிக் கணக்கு எப்படிப்பட்டது என்பதற்கு ஐபோன் 5 நல்ல சான்று. நன்றாக விற்றுக்கொண்டிருந்த அந்தப் போனை ஒரே ஆண்டில், 2013 செப்டம்பரில், ஆப்பிள் எடுத்துவிட்டது. அதே உள்ளுறுப்புகளை பிளாஸ்டிக் உடலுக்குள் வைத்து 5சி என்று விற்றது. அலமாரியில் இரண்டும் அருகருகே இருந்தால் அலுமினிய உடல் கொண்ட பழையதைத்தான் வாங்குவார்கள் என்பது யாருக்கும் புரியும். விலை கூடிய ‘ப்ரோ’ வகைப் போன்களும் இப்படித்தான் ஆண்டுதோறும் மறைகின்றன. பழைய ப்ரோ விலை குறைந்து நின்றால், புதிய சாதாரண மாடலை யார் தொடுவார்கள்? அதனால் சாதாரண மாடல்களே மூன்று ஆண்டுகள் வரை அலமாரியில் நிற்கின்றன. ஐபோன் 13 அப்படித்தான் 2021 செப்டம்பரிலிருந்து 2024 செப்டம்பர் வரை நின்றது.

இனி ஆலைப் பக்கம் வருவோம். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர்களுக்குத் தெரியும்: நூறு அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. வடிவமைப்பதற்கும் அச்சுக் கோப்பதற்கும்தான் செலவு. போனிலும் அதே கணக்கு, தொகை மட்டும் பல கோடி. உடல் வார்க்கும் அச்சுகள், ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செய்யும் பிடிமானக் கருவிகள், சோதனை இயந்திரங்கள், பல நாடுகளில் வாங்கும் வானொலி அலைச் சான்றிதழ்கள், இவை எல்லாம் முதல் போன் விற்பதற்கு முன்பே போட வேண்டிய முதலீடு. ஒரு பேச்சுக்கு, இவற்றுக்கு 100 கோடி ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோடிப் போன்கள் விற்றால் ஒவ்வொன்றின் தலையிலும் 100 ரூபாய். அந்த ஒரு கோடி விற்று முடிந்த பின் தயாராகும் போனுக்கு அந்த நூறு ரூபாய்ச் சுமை கிடையாது.

இதோடு இன்னொரு நன்மையும் சேர்கிறது. புதிய மாடலை முதல் மாதத்தில் பூட்டும்போது கழிவு அதிகம். எந்தத் திருகு எவ்வளவு இறுக வேண்டும், எந்தப் பசை எத்தனை நொடியில் உலரும் என்பதெல்லாம் தொழிலாளர் கைக்குப் பழக நாளாகும். மூன்றாம் ஆண்டில் அதே வேலை கண்ணை மூடிக்கொண்டு நடக்கும். திரையும் சிப்பும் தயாரிக்கும் நிறுவனங்களிலும் இதே கதைதான். ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து தேறும் நல்ல சிப்புகளின் எண்ணிக்கை காலப்போக்கில் கூடும். ஆக, பழைய போன் என்பது தயாரிப்பாளரின் பார்வையில் விலை குறைந்த போன் மட்டுமல்ல, தொல்லை குறைந்த போனும்கூட.

தொல்லை குறைந்தது என்பதால்தான் அது புதிய ஆலைகளுக்குப் பயிற்சிப் பொருளாகவும் ஆகிறது. இந்தியாவில் ஐபோன் தயாரிப்பு வளர்ந்த வரிசையைப் பாருங்கள். 2017இல் பெங்களூரில் முதலில் தயாரானது எஸ்இ. அது வெளியாகி அப்போதே ஓராண்டு கடந்திருந்தது. 2018இல் 6எஸ் தயாரானபோது அந்த மாடலுக்கு வயது மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. 2019 வசந்தத்தில் ஐபோன் 7 வந்தது; சில மாதங்களில், அந்தச் செப்டம்பரிலேயே, அமெரிக்கக் கடையிலிருந்து 7 நீக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், விஸ்ட்ரானைப் போன்ற இன்னொரு தைவான் நிறுவனமான பாக்ஸ்கானின் ஆலை எக்ஸ்ஆர் மாடலைத் தயாரிக்கத் தொடங்கியது; அதுவும் ஓராண்டுப் பழையது. பிறகு இடைவெளி வேகமாகச் சுருங்கியது. 2022இல் ஐபோன் 14 வெளியான சில வாரங்களில் தமிழ்நாட்டில் தயாரானது. 2023இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த நாளிலேயே இந்தியாவில் தயாரான போன்களும் கடைக்கு வந்தன. 2024இல் ப்ரோ மாடல்களும் சேர்ந்தன. பழைய மாடல்களில் கை பழகியிராமல் இவ்வளவு விரைவில் புதிய மாடல்களுக்குத் தாவியிருக்க முடியாது என்பது என் கணிப்பு.

ஆனால் பயிற்சிக்காக மட்டும் யாரும் ஆலை நடத்துவதில்லை. பெங்களூரில் 6எஸ் தயாரானதன் மையக் காரணம் சுங்க வரி. வெளிநாட்டிலிருந்து வரும் கைப்பேசிகளுக்கு இந்திய அரசு 2017 ஜூலையில் 10 விழுக்காடு அடிப்படைச் சுங்க வரி விதித்தது. அதே டிசம்பரில் அது 15 ஆனது. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் 20 ஆனது. ஏழே மாதங்களில் மூன்று படி. பின்னைய இரண்டு படிகளிலும் ஆப்பிள் தன் போன்களின் இந்திய விலையை ஏற்றியது. எஸ்இயின் விலை மட்டும் ஏறவில்லை, ஏனென்றால் அது பெங்களூரில் பூட்டப்பட்டது. 2024 ஜூலையில்தான் இந்த வரி மீண்டும் 15 விழுக்காட்டுக்கு இறங்கியது.

இப்போது அமெரிக்க வாடிக்கையாளரையும் இந்திய வாடிக்கையாளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே 6எஸ் விலை வரிசையின் அடியில் கிடக்கும் பழைய பொருள். இங்கே, முப்பதாயிரம் ரூபாய்க்குள் ஐபோன் வாங்க விரும்பியவருக்கு அதுதான் வாசல். 2019 ஜூலையில் எஸ்இ, 6, 6 பிளஸ், 6எஸ் பிளஸ் ஆகியவற்றை இந்தியாவில் ஆப்பிள் நிறுத்துகிறது, இனி மிகக் குறைந்த விலை ஐபோன் 6எஸ்தான் என்று செய்தி வந்தது. கவனியுங்கள்: ஐபோன் 6 அமெரிக்காவில் 2016 செப்டம்பரிலேயே அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது. 2017 தொடக்கத்தில் அது 32 ஜிபி நினைவகத்தோடு, முதல் வெளியீட்டில் இல்லாத ஒரு வகையாக, ஆசியச் சந்தைகளுக்கு மறுபடி வந்தது. புதிய நினைவகத்தோடு திரும்பியதால் கிடங்கில் தேங்கிய பழைய சரக்கு என்று அதைச் சொல்ல முடியாது. நிறுத்தியதாகச் சொல்லப்பட்ட போனை மறுபடி தயாரித்தே ஆக வேண்டும்.

வரியோடு மானியமும் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம், இந்தியாவில் தயாராகும் கைப்பேசிகளின் கூடுதல் விற்பனை மதிப்பில் 4 முதல் 6 விழுக்காடு வரை நிறுவனங்களுக்குத் தந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒரு நிபந்தனை: போனின் மதிப்பு 15,000 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். அது இந்த ஆண்டு மாடலா, மூன்றாண்டுப் பழைய மாடலா என்று யாரும் கேட்கவில்லை. பழைய ஐபோனின் மதிப்பு அந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

ஒப்பந்தங்களும் ஒரு காரணம். திரை, சிப், கேமரா போன்றவற்றைக் கடையில் போய் வாங்குவது போல வாங்குவதில்லை. ‘இத்தனை லட்சம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும். போன் எதிர்பார்த்த அளவு விற்காவிட்டால் பாகங்களுக்கான கடமை மட்டும் மிஞ்சும். 2018 நவம்பரில், சில மாதங்களுக்கு முன் கைவிட்ட ஐபோன் எக்ஸை ஆப்பிள் மறுபடி தயாரிக்கத் தொடங்கியிருக்கிறது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. புதிய மாடல்களுக்கு வரவேற்பு குறைவாக இருந்ததும், சாம்சங்கிடம் ஓலெட் திரைகளை வாங்குவதாகக் கொடுத்திருந்த உறுதியுமே காரணமாகச் சொல்லப்பட்டன. பணம் கொடுக்கத்தான் போகிறோம் என்றால், சும்மா கொடுப்பதைவிடத் திரையை வாங்கிப் போனாக்கி விற்றுவிடலாம்.

பாகங்கள் போனைவிட நீண்ட நாள் வாழ்வதும் உண்டு. 2014இல் ஐபோன் 6உடன் வந்த ஏ8 சிப், 2015இல் ஆப்பிள் டிவிக்குள் போனது, 2018இல் ஹோம்பாட் ஒலிபெருக்கிக்குள் போனது. அந்த ஆப்பிள் டிவி 2022 வரை விற்பனையில் இருந்தது. போன் போனாலும் அதன் மூளை எட்டாண்டுகள் கடையில் இருந்திருக்கிறது. உடலும் அப்படித்தான். 2014இல் ஐபோன் 6 கொண்டுவந்த 4.7 அங்குலத் திரை வடிவம் 6எஸ், 7, 8 என்று நடந்து, பிறகு 2020, 2022 எஸ்இ மாடல்களாக உருமாறி, 2025 பிப்ரவரியில்தான் விடைபெற்றது. ஐபோன் 8 நிறுத்தப்பட்டதும், ஏறத்தாழ அதே உடலோடு எஸ்இ அறிவிக்கப்பட்டதும் ஒரே நாளில், 2020 ஏப்ரல் 15 அன்று.

ஆண்ட்ராய்டு உலகில் இதை இன்னும் துணிச்சலாகச் செய்கிறார்கள்: பழைய போனுக்குப் புதிய பெயர். 2019இல் வந்த ரெட்மி நோட் 8, முக்கியமாகச் செயலியை மாற்றிக்கொண்டு ‘ரெட்மி நோட் 8 2021’ ஆனது. 2021இன் ரெட்மி நோட் 10 ப்ரோவில் இருந்த ஸ்னாப்டிராகன் 732ஜி செயலியும் பெரும்பாலான அம்சங்களும் 2023இல் ‘ரெட்மி நோட் 12 ப்ரோ’ என்ற 4ஜி போனில் திரும்பி வந்தன. பழைய பெயரிலேயே பழைய போனை விற்பதை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்குபவருக்கு அதன் வயதாவது தெரிகிறது. எண்ணை மட்டும் ஏற்றி விற்பதில் அந்த நேர்மைகூட இல்லை.

பழுதுபார்ப்புத் தேவையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உத்தரவாதக் காலத்தில் கெட்டுப்போகும் போன்களுக்கு மாற்றுப் போன் தர வேண்டும். பிறகும் திரையும் மின்கலமும் கேட்டு வருவார்கள். ஒரு மாடலை விநியோகிப்பதை நிறுத்தி ஐந்து ஆண்டு கடந்தால் ‘விண்டேஜ்’, ஏழாண்டு கடந்தால் வழக்கொழிந்தது என்பது ஆப்பிளின் கணக்கு. அதுவரை எங்கோ சில பாகங்கள் தயாராகிக்கொண்டோ, தயாரித்துச் சேமிக்கப்பட்டோ இருக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு போன் உண்மையில் எப்போது சாகிறது? பெரும்பாலும் தயாரிப்பாளரின் விருப்பத்தால் அல்ல, வேறொருவரின் முடிவால். முதலாவது, பாகம் கிடைக்காமல் போவது. சிப் நிறுவனங்கள் ஒரு சிப்பை நிறுத்தும்போது வாடிக்கையாளர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும். தொழில் வழக்கப்படி கடைசி ஆர்டர் கொடுக்க ஆறு மாதம், கடைசிச் சரக்கைப் பெற ஓராண்டு. அதற்குள் எத்தனை போன் இன்னும் விற்கும் என்று கணித்து மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும். கணிப்புக் குறைந்தால் போன் நிற்கும், கூடினால் சிப் தேங்கும். பழைய பாகம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் இந்தக் கட்டத்தில் உடைகிறது. 2025இல் பெரிய நினைவக நிறுவனங்கள் டிடிஆர்4 வகையிலிருந்து விலகத் தொடங்கியதும், பழைய டிடிஆர்4 நினைவகத்தின் விலை புதிய டிடிஆர்5ஐவிட மேலே போனது.

இரண்டாவது, சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களில் யுஎஸ்பி-சி துளை கட்டாயம். அதனால் ஐபோன் 14, 14 பிளஸ், மூன்றாம் தலைமுறை எஸ்இ ஆகியவற்றை ஆப்பிள் அங்கே தன் கடைகளில் விற்பதை நிறுத்தியது. அமெரிக்காவில் அவை அடுத்த பிப்ரவரி வரை விற்பனையில் இருந்தன. அந்த இரண்டு மாதங்களில் ஐபோன் 14 நிறுத்தப்பட்ட போனா இல்லையா? பெர்லினில் ஆம், நியூயார்க்கில் இல்லை.

மூன்றாவது, வலையமைப்பு. அமெரிக்க நிறுவனங்கள் 2022இல் 3ஜி கோபுரங்களை அணைத்தபோது, 4ஜியில் குரல் அழைப்பு வசதி இல்லாத போன்கள் அங்கே விற்கவே லாயக்கற்றவை ஆயின.

இவ்வளவும் தயாரிப்பாளரின் கணக்கு. அதில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. நியாயமான விலையில் நல்ல போன் கிடைத்தால் அது ஐந்தாண்டுப் பழைய வடிவமைப்பாக இருந்தால் என்ன? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போனின் உடல் நாம் வாங்கிய நாளிலிருந்து வயதாகிறது. அதன் மென்பொருளோ, அந்த மாடல் உலகில் முதலில் வெளியான நாளிலிருந்து வயதாகிறது. ஆலையில் நேற்றுத் தயாரானது என்பதற்காக அப்டேட் காலம் நீளுவதில்லை.

இந்தியாவுக்கே உரிய மூன்று எடுத்துக்காட்டுகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2010இல் வெளியான ஐபோன் 4, 2013 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2014 ஜனவரியில் அதன் 8 ஜிபி வகை இந்தியாவில் 22,900 ரூபாய்க்கு மீண்டும் வந்தது. அந்தச் செப்டம்பரில் ஐபோன் இயங்குதளத்தின் புதிய பதிப்பான ஐஓஎஸ் 8 வெளியானபோது ஐபோன் 4க்கு அது கிடைக்கவில்லை. எட்டு மாதம்! 2017இல் திரும்பி வந்த ஐபோன் 6க்கு ஐஓஎஸ் 13 கிடைக்கவில்லை. அது வெளியானது 2019 செப்டம்பர். ஆக இரண்டரை ஆண்டு. பெங்களூரில் தயாரான 6எஸை 2019இல் வாங்கியவருக்கு 2022 செப்டம்பரில் ஐஓஎஸ் 16 கைவிரித்தது, சுமார் மூன்றாண்டு. இதே 6எஸை 2015இல் வாங்கிய அமெரிக்கருக்கு ஏழாண்டு முழுதாகக் கிடைத்தது.

நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய அப்டேட் நின்ற பிறகும் பாதுகாப்புத் திருத்தங்கள் சில ஆண்டுகள் வந்துகொண்டிருந்தன. ஐபோன் 6க்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது. ஆனால் செயலிகள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. 2025 மே மாதம் வாட்ஸ்அப் ஐபோன் 6இல் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. வாட்ஸ்அப் இல்லாத போனை இந்த ஊரில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க ஐரோப்பிய ஒன்றியம் முயன்றிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே நடைமுறையில் உள்ள விதி, ஒரு மாடலின் கடைசிப் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு அப்டேட், ஏழாண்டு உதிரி பாகம் என்று கணக்கிடுகிறது. முதல் போனின் தேதி அல்ல, கடைசிப் போனின் தேதி. இது அசலான மாற்றம்: பழைய மாடலை இழுத்துக்கொண்டே போக விரும்பும் நிறுவனம், அதற்கான மென்பொருள் உழைப்பையும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் விதியின் வாசகத்தில், நிறுவனங்கள் ‘இயங்குதள அப்டேட் வழங்கினால்’ அதை இலவசமாகத் தர வேண்டும் என்று ஓர் ‘ஆல்’ உட்கார்ந்திருக்கிறது. வழங்காவிட்டால்? வழக்கறிஞர்களுக்கு வேலை வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் அப்படி ஒரு விதி இல்லை என்பதால் கடையில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மாடல் புதிய பெட்டியில் இருப்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: உண்மையில் அண்மையில் தயாரானது, கிடங்கில் நாளாகக் கிடந்தது, யாரோ பயன்படுத்தியதைப் புதுப்பித்து அடைத்தது. முதல் இரண்டையும் பெட்டியே பிரித்துக் காட்டும். இங்கே விற்கும் போன் பெட்டியின் மேல் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாண்டுக்கு முந்தைய தேதி என்றால் மின்கலம் அத்தனை நாள் சும்மா கிடந்து மூப்படைந்திருக்கும். விலையைக் குறைத்துக் கேட்க அது போதுமான காரணம். பிறகு, அந்த மாடல் முதலில் வெளியான ஆண்டைத் தேடிப் பார்த்து, நிறுவனம் அறிவித்திருக்கும் அப்டேட் ஆண்டுகளை அதனுடன் கூட்டுங்கள். அப்படிக் கூட்டிக் கிடைக்கும் ஆண்டுக்கும் நீங்கள் வாங்குகிற ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் விலையை வகுத்தால், ஓராண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். தள்ளுபடி விற்பனையில் மலிவாகத் தெரியும் பழைய போன் இந்தக் கணக்கில் பல நேரம் புதியதைவிட விலை கூடியதாக வரும். சில நேரம் மலிவாகவே நிற்கும், அப்போது தயங்காமல் வாங்கலாம்.

ஐபோன் என்றால் மூன்றாவது வகையையும் கண்டுபிடிக்க வழி உண்டு. அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குள் போனைப் பற்றிய பக்கத்தில் மாடல் எண் இருக்கும். அது ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் புதிதாக விற்கப்பட்டது, ‘எஃப்’ என்றால் நிறுவனமே புதுப்பித்து விற்றது, ‘என்’ என்றால் பழுதான போனுக்கு மாற்றாக யாருக்கோ கொடுக்கப்பட்டது. பணம் கட்டும் முன் கடைக்காரரின் முன்னிலையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.